டஃப், தோ, த்ரூ, தரா: நாலே எழுத்து, ஆளுக்கொரு சத்தம்

செந்தூல்_அப்பா | திங்கள், இரவு 9.40

வணக்கம் எல்லோருக்கும். மகள் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கிறாள், புதன்கிழமை ஆங்கில ஸ்பெல்லிங் சோதனை. டீச்சர் கொடுத்த தாளில் பன்னிரண்டு சொல், பன்னிரண்டிலும் ஓ-யூ-ஜி-எச் என்ற நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலில் டஃப், கடினம் என்று பொருள் சொன்னேன், சரி என்றாள். அடுத்தது இருமல், அதைக் 'கஃப்' என்று படித்தாள். இல்லைம்மா, காஃப். அடுத்தது பிசைந்த மாவு, இப்போதுதானே காஃப் சொல்லிக்கொடுத்தேன், அதனால் 'டாஃப்' என்றாள். இல்லைம்மா, டோ. அடுத்தது 'வழியாக' என்ற சொல், அதை 'த்ரோ' என்றாள், இல்லைம்மா த்ரூ என்றதும் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு "அப்பா, நீங்களே அப்பப்ப மாத்துறீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நான் அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாக நெட்டுரு போட்டு வந்தவன், ஏன் இப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா, இல்லை வெள்ளைக்காரன் விளையாட்டுக்கு எழுதி வைத்ததா?

கோப்பி_ஓ | திங்கள், இரவு 9.52

அண்ணே, கடைசி எழுத்து எச்சா ஹேச்சா? அதை முதலில் முடிவு பண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தா முதல் பேரன் வரை எல்லோரும் ஹேச்தான்.

கெப்போங்_அம்மா | திங்கள், இரவு 10.05

செந்தூல் அண்ணா, எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரையும் இந்தச் சொற்களைத் தாண்டவைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்கு கிழுங்கு ஒன்றும் தேடாதீர்கள். ஒரு சொல்லை ஒரு தாளில் பத்து முறை எழுதச் சொல்லுங்கள், எழுதும்போதே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். இரண்டே நாள்தான் இருக்கிறது. ஏன் எதற்கு என்று ஆரம்பித்தால் புதன்கிழமை வந்துவிடும், பன்னிரண்டில் நான்கு கூடத் தேறாது.

எழுத்துக்கட்டை | திங்கள், இரவு 10.31

அட, எனக்குப் பிடித்த நாலு எழுத்து! நான் ஸ்கிராபிள் ஆடுகிறவன், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம், கிளப்பில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் கைப்பேசியில். ஓ ஒரு புள்ளி, யூ ஒரு புள்ளி, ஜி இரண்டு, எச் நான்கு. நாலும் சேர்ந்தால் எட்டுப் புள்ளிதான், ஆனால் கையில் இந்த நாலும் வந்துவிட்டால் முன்னாலும் பின்னாலும் எதையாவது ஒட்டி எங்கேயாவது இறக்கிவிடலாம். ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கினால் தனியாக 50 புள்ளி, அதற்கும் இது உதவும். 'வழியாக' என்ற த்ரூ ஏழு எழுத்து, 'எண்ணம்' என்ற தாட் ஏழு எழுத்து, 'கொண்டுவந்த' ப்ராட் ஏழு, 'வறட்சி' ட்ரௌட் ஏழு. ஒன்றே ஒன்று, த்ரூவுக்கும் தாட்டுக்கும் எச் இரண்டு வேண்டும், மொத்தப் பெட்டியிலேயே எச் இரண்டுதான், எதிராளி கையில் ஒன்று சிக்கினால், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்கட்டை இல்லாமல் அந்தக் கனவு அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு ஒரு விளையாட்டு சொல்கிறேன். டஃப் எழுதச் சொல்லுங்கள், ஐந்து எழுத்து. முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எச் செருகினால் 'ஆனாலும்' என்ற தோ. அதில் ஒரு ஆர் செருகினால் த்ரூ. அதில் இன்னொரு ஓ செருகினால் 'முழுமையான' என்ற தரா. ஒவ்வொரு படியிலும் ஒரே ஓர் எழுத்துதான் கூடுகிறது, சத்தம் நாலும் நாலு திசை.

இன்னொன்று. டஃப்பின் முதல் எழுத்து டி. அதைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் 'வேண்டும்' என்ற ஆட். அதே ஐந்து எழுத்து, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, இடம் மாறியதும் குரலே மாறிவிட்டது!

கோப்பி_ஓ | திங்கள், இரவு 10.38

இதைத்தான் மகளிடம் காட்டச் சொல்கிறீர்களா? பிள்ளை பென்சிலை மட்டும்தான் வைத்தது, இதைப் பார்த்தால் பள்ளியையே விட்டுவிடும்.

எழுத்துக்கட்டை | திங்கள், இரவு 10.49

இல்லை ப்ரோ, பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். இன்னும் கேளுங்கள். ரஃப் என்ற சொல் இருக்கிறதே, சொரசொரப்பு, அது எத்தனை சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது பாருங்கள். முன்னால் ஒரு டி போட்டால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி, ட்ராஃப். முன்னால் பி பின்னால் டி, ப்ராட். முன்னால் டி பின்னால் இன்னொரு டி, அதாவது 'டாக்' சொல்லில் வரும் டி முன்னால், 'டீ' சொல்லில் வரும் டி பின்னால், ட்ரௌட். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டி ஆகிவிடுகிறது, என்ன பண்ணுவது.) த்ரூவுக்குள் ரஃப் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. தராவுக்குள்ளும் இருக்கிறது. இத்தனை சொல்லுக்குள் இருந்தும் ஓரிடத்திலாவது தன் சொந்தச் சத்தத்தில் பேசுகிறதா? ட்ராஃப்பில் மட்டும் கடைசி ஃப் கேட்கிறது, அதிலும் உயிர் வேறு.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

காலை வணக்கம். இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன், பினாங்கில் பிறந்து இப்போது மகனோடு கோலாலம்பூரில். இந்த நாலெழுத்துக் கேள்வியை என்னிடம் கேட்காத வகுப்பு ஒன்றுகூட இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்கு எழுதியதில்லை தம்பி. அந்த ஜி-எச் ஒரு காலத்தில் நிஜமான சத்தம். தொண்டையின் பின்பக்கம் காற்றை உரசி விடும் 'ஹ்', காறித் துப்பும் முன் வருமே, கிட்டத்தட்ட அது. பழைய ஆங்கிலத்தில் இரவு என்பது 'நிஹ்ட்', வழியாக என்பது 'துர்ஹ்', சொரசொரப்பு 'ரூஹ்', மகள் 'டொஹ்டொர்'. அப்போது அதை வெறும் எச் போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுத்தர்கள் பிரெஞ்சு மரபில் பழகியவர்கள், அவர்கள் கையில் அந்தத் தொண்டைச் சத்தம் நாளடைவில் ஜி-எச் ஆயிற்று. அதுவரைக்கும் ஒழுங்குதான். எழுதியதைச் சொன்னார்கள், சொன்னதை எழுதினார்கள்.

பிறகு இரண்டு காரியம் ஏறக்குறைய ஒன்றாக நடந்தது. 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார், அச்சு பரவப் பரவ எழுத்து உறைய ஆரம்பித்தது. அதே நூற்றாண்டுகளில் வாய் சும்மா இருக்கவில்லை, நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன, இந்தத் தொண்டைச் சத்தமும் தென் இங்கிலாந்தில் தேய்ந்துபோனது. சில சொல்லில் சுத்தமாக மறைந்தது, தோ, டோ, த்ரூ, கலப்பை என்ற ப்ளௌ. சில சொல்லில் உதட்டுக்கு வந்து ஃப் ஆனது, டஃப், ரஃப், இனஃப், காஃப். எந்தச் சொல் எந்த வழியில் போகும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு, லண்டனுக்கு எல்லா வட்டாரத்து ஆட்களும் வந்தார்கள், ஒரு வட்டாரத்தின் டஃப்பும் இன்னொரு வட்டாரத்தின் தோவும் பொது வழக்கில் ஏறிவிட்டன. எழுத்து மட்டும் பழைய சட்டையிலேயே நிற்கிறது.

எழுத்துக்கட்டை சொன்ன த்ரூவும் தராவும் உண்மையில் ஒரே சொல்தான் தெரியுமா? அழுத்தி, இரண்டு அசையாகச் சொன்னது தரா ஆயிற்று, ஓரசையாகச் சொன்னது த்ரூ ஆயிற்று. ஒரு காரியத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வழியாக முடிப்பதுதானே முழுமை.

செந்தூல்_அப்பா | செவ்வாய், காலை 7.02

ஐயா, எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடம் யாரும் இதைச் சொல்லவில்லையே. ஒரு சந்தேகம், மகளும் கேட்டாள், பஹாசாவில், அதாவது மலாய் மொழியில், மட்டும் எப்படி எழுதியபடி படிக்க முடிகிறது?

பாயான்_லெப்பாஸ் | செவ்வாய், காலை 7.40

பினாங்கிலிருந்து. வாத்தியார் ஐயா சொன்ன சத்தத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் பயிற்சிக்கு ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், அங்கே இரவு என்றால் 'நாஹ்ட்', எட்டு 'ஆஹ்ட்', வெளிச்சம் 'லிஹ்ட்', மகள் 'டொஹ்டர்'. முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் சும்மா தாளில் எழுதிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் எங்கெல்லாம் வாயில்லாத ஜி-எச் வருகிறதோ, நைட், எய்ட், லைட், டாட்டர், அங்கெல்லாம் ஜெர்மானியன் தொண்டையைச் செருமுகிறான்! 'போதும்' என்ற இனஃப் அவர்களிடம் 'கெனூக்', 'சிரி' என்ற லாஃப் அவர்களிடம் 'லாஹென்'. அதற்குப் பிறகு எனக்கு ஜெர்மன் சொற்கள் பாதி இலவசமாகக் கிடைத்தன.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி | செவ்வாய், பகல் 12.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். இங்கிலீஷ்காரனை மட்டும் ஏன் திட்டுகிறோம்? நாம் 'மூன்று' என்று எழுதுகிறோம், கடையில் போய் 'மூணு ரொட்டி' என்கிறோம். 'ஒன்று' எழுதுகிறோம், 'ஒண்ணு' என்கிறோம். 'நின்று' எழுதுகிறோம், 'நின்னு' என்கிறோம். அதே ன்-று, ஒரு இடத்தில் ணு, ஒரு இடத்தில் ண்ணு, ஒரு இடத்தில் ன்னு. 'காற்று' எழுதி 'காத்து' என்கிறோம். இதெல்லாம் நம்முடைய ஓ-யூ-ஜி-எச் இல்லையா? நமக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நாம் பேசுவதும் எழுதுவதும் வேறு வேறு என்று பிறந்ததிலிருந்து பழகிவிட்டோம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் இருந்தார், அவர் அப்பா மலாயா ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர். அவர் 'காற்று' என்றால் நம் 'காத்து' வராது, த-வும் இல்லாமல் ட-வும் இல்லாமல் நாக்கு நுனி மேல் பல் ஈறில் ஒட்டி விலகும் ஒரு சத்தம், ஆங்கில டி மாதிரி. சின்ன வயதில் கிண்டல் பண்ணுவோம். பிறகுதான் தெரிந்தது, ற்ற என்பதற்குப் பழைய சத்தமே ஏறக்குறைய அதுதான், மறந்தது நாம்தான். பாயான் லெப்பாஸ் அண்ணன் ஜெர்மனி வரை போய்க் கேட்டதை நான் பக்கத்து வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர்களில் இன்னும் சிலர் இரவை 'நிஹ்ட்' என்பார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், பகல் 1.05

அருமை. 'பன்றி'க்குப் 'பன்னி', அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு இந்த உதாரணம் தோன்றவில்லை பாருங்கள்.

செந்தூல் தம்பி கேட்ட பஹாசா கேள்விக்கு: அங்கே சீர்திருத்தம் மிக அண்மையில் நடந்தது, அதுதான் காரணம். 1972 ஆகஸ்ட் 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே நாளில் புதிய எழுத்துமுறையை அறிவித்தன. அதற்கு முன் 'சுச்சி' என்று கழுவுவதை சி-எச் போட்டு எழுதினோம், பிறகு வெறும் சி. ஊர்ப் பெயரில் மட்டும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது, செராஸ் போகும் வழிப்பலகையைப் பாருங்கள், இன்னும் சி-எச்தான். கடன் வாங்கிய சொல்லையும் காதில் விழுந்தபடி எழுதினார்கள், டாக்சிக்கு நடுவில் கே-எஸ், பஸ்ஸுக்கு பி-ஏ-எஸ், ஐஸுக்கு ஏ-ஐ-எஸ். நம்மிடம் வாங்கியதும் அப்படித்தான், கடை கெடாய் ஆனது, மீசை மிசாய் ஆனது, பெட்டி பெத்தி ஆனது.

முழு ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. மலாயில் ஏ-பி-சி-டி-யை அடுத்து வரும் 'இ' எழுத்துக்கு இரண்டு சத்தம், 'செபாக்' என்று ஒரே மாதிரி எழுதி ஒரு விதமாகச் சொன்னால் பந்தை உதைப்பது, இன்னொரு விதமாகச் சொன்னால் கன்னத்தில் அறைவது. ஆசிரியர் மாணவனிடம் சரியாகச் சொல்ல வேண்டிய சொல்.

கெப்போங்_அம்மா | செவ்வாய், பகல் 1.30

எல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது, நானும் படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் நாளைக்குச் சோதனை! பத்து வயதுப் பிள்ளைக்கு நார்மன்காரனும் ஜெர்மன்காரனும் எதற்கு? எழுத்துக்கட்டை தம்பி, நீங்களே சொல்லுங்கள், ஸ்கிராபிள்காரர்கள் வரலாறு தெரிந்தா ஆடுகிறீர்கள்?

எழுத்துக்கட்டை | செவ்வாய், பகல் 1.52

அக்கா கேட்டதற்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், இல்லை. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று நியூசிலாந்துக்காரர் ஒருவர், மலேசியாவில்தான் வசிக்கிறவர், ஆங்கில உலகப் போட்டியைப் பல முறை வென்றவர். 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியையும் வென்றார், பிரெஞ்சு பேசவே தெரியாது, அகராதியைச் சில வாரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நம் ஊரிலேயே 2003இல் உலகப் போட்டி நடந்தது, கோலாலம்பூரில், ஜெயித்தது தாய்லாந்துக்காரர், பனுபோல் சுஜ்ஜயாகோர்ன். தாய்லாந்தில் பலர் பொருள் தெரியாமலேயே ஆயிரக்கணக்கில் ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டமாக மனதில் ஏற்றிக்கொண்டு ஆடுகிறவர்கள்.

கெப்போங்_அம்மா | செவ்வாய், பகல் 1.55

பார்த்தீர்களா!

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், பகல் 2.40

அம்மா, அந்தப் பலகையில் யாரும் சொல்லை வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லையே. கட்டையை வைத்தால் போதும், அதை டஃப் என்று படித்தாலும் தோ என்று படித்தாலும் புள்ளி ஒன்றுதான். நம் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று படிக்க வேண்டும், அங்கேதான் நாக்கு தடுக்குகிறது.

உங்கள் பக்கமும் பாதி நியாயம் உண்டு. மனப்பாடம் வேண்டும்தான், ஆனால் கலந்துகட்டிய பன்னிரண்டைப் பத்துப் பத்து முறை எழுதவைத்தால் கை வலிக்கும், தலையில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நான் வகுப்பில் செய்தது, முதலில் டி-யில் முடிவதை எல்லாம் தனியாகப் பிரிக்கச் சொல்வேன். வாங்கினான் பாட், கொண்டுவந்தான் ப்ராட், நினைத்தான் தாட், சண்டை போட்டான் ஃபாட், தேடினான் சாட், அப்புறம் ஆட். முக்கால்வாசி இறந்தகால வினை, அத்தனையும் 'ஆட்' என்று முடியும், ஒரே ஒரு விலக்கு வறட்சி, ட்ரௌட். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை மறக்கவிடாமல் செய்ய வழி உண்டு, தண்ணீர்த் தடை வரும்போதெல்லாம் ட்ரௌட் என்று சொல்லச் சொல்வேன், வாளியில் தண்ணீர் பிடித்துவைக்கும்போதே மனதில் நின்றுவிடும்.

அது போனால் மிச்சம் என்ன? ஃப் குடும்பம்: டஃப், ரஃப், இனஃப் ஒரு பக்கம், காஃப், ட்ராஃப் ஒரு பக்கம். ஓ குடும்பம்: தோ, ஆல்தோ, டோ. ஔ குடும்பம்: கலப்பை ப்ளௌ, மரக்கிளை பௌ. தரா, நகரப் பிரிவு என்ற பரா என்று இரண்டு. த்ரூ தனிக்கட்டை. அன்றாடம் புழங்குவது எல்லாம் சேர்த்து இருபத்தைந்து கூட வராது. பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய கூட்டம் இல்லை.

கோப்பி_ஓ | செவ்வாய், மாலை 5.10

எல்லோரும் படித்தவர்களாக இருக்கிறீர்கள், நானும் ஒன்று போடுகிறேன். ஜி-எச்-ஓ-டி-ஐ, இதை எப்படிப் படிப்பது? ஃபிஷ்! இனஃப்பில் வரும் ஜி-எச், 'பெண்கள்' என்ற விமன் சொல்லில் இகரமாக ஒலிக்கும் ஓ, நேஷனில் வரும் டி-ஐ. பெர்னாட்ஷா சொன்னது. வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான், நாம் என்ன வாதாடுகிறோம்.

எழுத்துக்கட்டை | செவ்வாய், மாலை 5.44

ப்ரோ, அது ஷா சொன்னதில்லை. சார்லஸ் ஆலியர் என்ற பதிப்பாளர் 1855 டிசம்பரில் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது, ஷா பிறந்தது 1856 ஜூலையில். வயிற்றில் இருக்கும்போதே சொன்னார் என்றால்தான் உண்டு.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், மாலை 6.20

இன்னொன்று, ஜி-எச் சொல்லின் முதலில் வந்தால் ஒரு நாளும் ஃப் ஆகாது, பேய் என்ற கோஸ்டைப் பாருங்கள், அங்கே அது க. அந்த எச்கூடத் தமிழில் சொன்னால் வந்தேறி, அதுவரை வெறும் ஜி போட்டு எழுதிய சொல், கேக்ஸ்டன் பல வருடம் இன்றைய பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் இருந்தவர், அந்த ஊர் ஃப்ளெமிஷ் மொழிப் பழக்கத்தில் எச் சேர்ந்துவிட்டது. அதேபோல் டி-ஐ சொல்லின் கடைசியில் தனியாக நின்று ஷ் ஆகாது. எந்தச் சத்தம் எந்த இடத்தில் வரும் என்பதற்கு அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. நம் க-வை எடுத்துக்கொள்ளுங்கள், கடலில் ஒரு சத்தம், தங்கத்தில் ஒரு சத்தம், மகளில் ஒரு சத்தம். தமிழ் தெரியாதவன் 'ஒரே எழுத்துக்கு மூன்று சத்தமா' என்று தலையில் கைவைப்பான், நமக்கு இடம் தெரியும், அதனால் குழப்பம் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் வரலாறே இல்லாமல் வெறும் பார்த்தெழுதியதும் உண்டு. மகிழ்ச்சி என்ற டிலைட் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் தொண்டைச் சத்தம் எந்தக் காலத்திலும் கிடையாது, பக்கத்தில் லைட் இருக்கிறதே என்று ஜி-எச் மாட்டிவிட்டார்கள். விக்கலுக்கு ஹிக்கப் என்று ஒழுங்கான எழுத்து இருந்தது, இருமலோடு உறவு என்று யாரோ நினைத்து ஓ-யூ-ஜி-எச் ஒட்டிவிட்டார்கள், இரண்டு எழுத்தும் இன்றைக்கும் அகராதியில் உண்டு, சத்தம் மட்டும் ஹிக்கப்தான்.

பாயான்_லெப்பாஸ் | செவ்வாய், மாலை 6.55

அமெரிக்காக்காரன் கொஞ்சம் வெட்டியிருக்கிறானே ஐயா? ப்ளௌவை அவன் பி-எல்-ஓ-டபிள்யூ என்று முடித்துவிடுகிறான். பேரங்காடியில் பலகாரக் கடைப் பலகையில் டோனட்டுக்கு ஜி-எச்சைக் காணோம். 'டிரைவ் த்ரூ' பலகையில் டி-எச்-ஆர்-யூ, அவ்வளவுதான்.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், மாலை 7.30

அந்த த்ரூவுக்குப் பின்னால் ஓர் அதிபர் பட்ட அடி இருக்கிறது. 1906இல் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களுக்கு எளிய எழுத்தை அரசாங்க அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார், இந்த டி-எச்-ஆர்-யூவும் அந்தப் பட்டியலில் உண்டு. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் எதிர்த்து அதை நிறுத்திவிட்டது. அதிபரால் முடியாததைப் பர்கர் வாங்க வண்டி ஓட்டுகிறவர்கள் செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பலகையில் பக்கத்திலேயே மலாயில் 'பாண்டு லாலு' என்றும் இருக்கும், அதில் எந்தத் தகராறும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி | செவ்வாய், இரவு 8.15

அக்கா மகன் இங்கிலாந்தில் லஃப்பராவில் படிக்கிறான். ஊர்ப் பெயரிலேயே ஓ-யூ-ஜி-எச் இரண்டு தடவை, முதலாவது 'அஃப்', இரண்டாவது வெறும் 'அ'. கடிதம் வந்தபோது குடும்பமே கூடி உட்கார்ந்து 'லோபரோ', 'லௌபோரூ', 'லாஃப்பராஃப்' என்று ஆளுக்கொன்று சொன்னோம். மாமா மட்டும் 'லோகாபரோகா' என்றார், அவருக்கு எந்த எழுத்தையும் வீணாக்கப் பிடிக்காது.

கெப்போங்_அம்மா | செவ்வாய், இரவு 8.30

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சரி வாத்தியாரையா, அந்த டி முடிவு முறையை என் கடைக்குட்டிக்குச் செய்து பார்க்கிறேன். ஆனால் தாளைப் பெட்டியில் ஒட்டுவதை நிறுத்த மாட்டேன்.

செந்தூல்_அப்பா | புதன், மாலை 4.50

சோதனை முடிந்தது. நேற்று இரவு வேலையிலிருந்து வந்ததும் மூன்று வேலையும் செய்தோம். ஐயா சொன்னபடி அட்டைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தோம், எழுத்துக்கட்டை சொன்ன ஏணியைக் கட்டினோம், கடைசியில் அக்கா சொன்னபடி தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். ஏணிதான் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, டஃப்பிலிருந்து தரா வரை ஏறி, தராவிலிருந்து டஃப் வரை இறங்கி, தூங்கப் போகும் வரை அதே பாட்டு. தொண்டைச் சத்தத்தைச் சொல்லிக்காட்டப் போய் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது, அதற்கும் "காஃப்ப்பா, கஃப் இல்ல" என்று திருத்தினாள்.

பன்னிரண்டில் பதினொன்று சரி. போனது ப்ளௌ, டபிள்யூ போட்டு எழுதிவிட்டாள். டோனட் கதையை நான்தான் சொல்லியிருக்கக் கூடாது.

எழுத்துக்கட்டை | புதன், மாலை 5.05

அமெரிக்காவில் முழு மதிப்பெண்! சபாஷ் சொல்லுங்கள். சனிக்கிழமை கிளப்புக்குக் கூட்டி வாருங்கள், பிள்ளைகள் மேசை தனியாக உண்டு.

செந்தூல்_அப்பா | புதன், இரவு 9.15

சனிக்கிழமை வருகிறோம். இப்போது வேறு ஒரு தலைவலி. தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில் 'மூணு பூனைக்குட்டி' என்று எழுதி ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். நான் திருத்தப் போனால், "சொல்றபடி எழுதணும்னா மூணு, பழைய சத்தத்த எழுதணும்னா மூன்று, எது சரின்னு டீச்சர்கிட்ட நானே கேக்குறேன்" என்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணே, நாளைக் காலை பள்ளிக்கு நீங்கள் வருகிறீர்களா, நான் வரட்டுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி | புதன், இரவு 9.21

எனக்கு நாளைக்குக் காலை வேலை இருக்கிறது அண்ணே.